அண்டார்க்டிகாவுக்கு எந்தக் கப்பல்?

அண்டார்க்டிகாவைப் பார்த்துவிடுவது என்று நானும் என் மனைவியும் முடிவெடுத்த பிறகு, எந்தக் கப்பலில் செல்வது என்பதைத் தீர்மானிக்க நான்கு மாதங்கள் ஆயின. தொடக்கத்தில் அறையின் அகலம், பால்கனி, கட்டணம் ஆகியவற்றையே ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். கப்பலில் எத்தனை பயணிகள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது பின்னரே விளங்கியது.

அங்கே செல்லும் சுற்றுலாக் கப்பல் நிறுவனங்கள் 1991இல் சேர்ந்து அமைத்த பன்னாட்டுச் சங்கத்தின் விதிப்படி, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் கப்பலிலிருந்து ஒருவர்கூட இறங்க முடியாது. ஆகவே 200 பேர் செல்லும் கப்பலில், பாதிப் பேர் பென்குயின்களின் நடுவே நிற்கும்போது மீதிப் பேர் ரப்பர் படகுகளில் பனிப்பாறைகளைச் சுற்றிவருவார்கள்; 400 பேர் என்றால் முறை வருவதற்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு தொலைவு சென்றபின் கரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அரியது என்பதால், சிறிய கப்பல் அலையில் கூடுதலாக ஆடும் என்று தெரிந்தும் அதையே விரும்பினோம்.

ஆட்டம் என்றால், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே உள்ள டிரேக் நீரிணைதான். அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து அதைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் ஆகும். சிலியின் புன்டா அரேனாஸிலிருந்து அண்டார்க்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பறந்து, அங்கே கப்பல் ஏறும் வழியும் உண்டு. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் விமானம் நாள்கணக்கில் தள்ளிப்போகலாம். வயிற்றைப் புரட்டினாலும் பரவாயில்லை, கடல்வழியே போகலாம் என்றாள் மனைவி. வடக்கிலிருந்து வரும் நீரும் தெற்கின் குளிர்நீரும் கூடும் எல்லையைத் தாண்டும்போது கடலின் வெப்பம் சட்டென்று குறைவதையும், கப்பலைத் தொடர்ந்து வரும் அல்பட்ராஸ் பறவைகளையும் விமானத்திலிருந்து உணர முடியாதல்லவா!

மாதத்தைப் பற்றித்தான் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. நவம்பரில் பனி மாசுபடாமல் இருக்கும், பென்குயின்கள் கூழாங்கற்களைப் பொறுக்கிக் கூடு கட்டும். டிசம்பர் இறுதியிலிருந்து குஞ்சுகள் பொரிக்கும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கரை சேறும் எச்சமுமாக இருந்தாலும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மிகுதியாகத் தென்படும். திமிங்கிலத்துக்காகப் பிப்ரவரி இறுதியைத் தேர்ந்தோம். தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவையும் சேர்க்க எனக்கு மிகுந்த ஆசை. சாலிஸ்பரி சமவெளியின் அரசப் பென்குயின் கூட்டமும் கிரிட்விக்கனில் உள்ள, அண்டார்க்டிகாவை ஆராய்ந்த பயணி ஷாக்கிள்டனின் கல்லறையும் பல ஆண்டுகளாக என் மனத்தில் இருப்பவை. அதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் வேண்டும். விடுப்போ பன்னிரண்டு நாள்தான். இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தது இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் பனியில் மோதி மூழ்கியதையும், அதிலிருந்த அனைவரும் மீட்கப்பட்டதையும் படித்திருந்ததால், கப்பலின் உடற்பகுதி பனியைத் தாங்கும் தரம் உடையதா, மருத்துவ மீட்புக்கான காப்பீடு எவ்வளவு தேவை என்றும் எழுதிக் கேட்டோம். ஒரு நிறுவனம் அறைகளின் படங்களை மட்டும் அனுப்பியது. இன்னொன்று எல்லாவற்றுக்கும் விடையளித்தது: பயணிகள் 114 பேர், 100 பேர் கரையில் இருக்கும்போது எஞ்சிய பதினான்கு பேர் கயாக் படகுகளில் இருப்பார்கள். அன்று மாலையே முன்பணம் கட்டினோம்.