பழைய பென்ஸை மலையில் வைத்து ஓட்டுகிற செலவு

டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை வந்த பிறகு, அந்தப் பக்கத்து பென்ஸ் ஈ-கிளாஸ்கள் புது ஆல்டோ விலைக்கும் குறைவாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கின்றன. குன்னூர், கோத்தகிரி பங்களாக்களில் உறை போட்டு நிற்கிறவை வேறு. கொடுக்கிற விலையை முன்பணம் என்று எடுத்துக்கொண்டால் மனக்கசப்பு இருக்காது. மீதித் தவணை ஒர்க்‌ஷாப்புக்கு. அது எவ்வளவு ஆகும் என்பது வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. 2008 மாடல் ஈ 220 சிடிஐ ஒன்றை ஊட்டி, குன்னூர் சாலைக்கு நாங்கள் தயார் செய்த வரிசை இது. 211 பாடி (ஈ-கிளாஸின் அந்தத் தலைமுறைக்கு பென்ஸ் வைத்த எண்), புனேயில் அசெம்பிள் செய்தது, நான்கு சிலிண்டர் டீசல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்.

வாங்குவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். 211 பாடியில் 2006 நடுவில் முகமாற்றம் (ஃபேஸ்லிஃப்ட்) வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் எஸ்பிசி என்ற மின்சார பிரேக் இருக்கும். பெடலை மிதித்தால் கம்ப்யூட்டருக்குச் சேதி போய், பம்ப் அழுத்தத்தைச் சேர்த்துவைத்துக் கொடுக்கும். அந்தப் பம்ப் எத்தனை முறை பிரேக் போட்டது என்று தானே எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை, அடுத்தது பம்ப் மாற்றும் செலவு. சமவெளியில் பத்து வருடம் தாங்குகிற எண்ணிக்கையை கொண்டை ஊசி வளைவுகள் வெகு சீக்கிரம் தின்றுவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்கேனரில் எஸ்பிசியைத் தூங்கவைக்காமல் பேட் மாற்ற உட்கார்ந்தால், கதவைத் திறந்தாலே பம்ப் விழித்து காலிப்பரை (பேடை டிஸ்க்கில் நெருக்கும் பிடி) அழுத்தும். விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். மலைக்கு முகமாற்றத்துக்குப் பிந்தைய வண்டிதான் வாங்க வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

முதல் பெரிய வேலை ஸ்டார் டயக்னாசிஸ் ஸ்கேன். கடையில் கிடைக்கும் சாதாரண ஓபிடி கருவி எஞ்சின் கோளாறுகளை மட்டும் காட்டும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக், சாம் மாட்யூல் (விளக்கு, வைப்பர் போன்றவற்றுக்கு மின்சாரம் பகிரும் சின்னக் கம்ப்யூட்டர்) எல்லாவற்றையும் படிக்க பென்ஸுக்கென்றே உள்ள கருவி வேண்டும். அது உள்ள தனி ஒர்க்‌ஷாப்புகள் கோயம்புத்தூரில் இருக்கின்றன. ஊட்டியிலிருந்து ஒரு வழிக்கு 86 கிலோமீட்டர், நடுவில் பர்லியார் மலைப்பாதை. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் இறங்கி ஏறினால் டீசலும் நாளும் சேர்ந்து பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். ஒரே தடவை போய் முழு ஸ்கேன் பிரிண்ட் வாங்கிக்கொண்டு, பாகங்களை மொத்தமாக ஆர்டர் போட்டு, இரண்டாவது தடவை மூன்று நாள் வண்டியை விட்டுவிடுவதுதான் கட்டுபடியாகும்.

ஆனால் அந்த ஸ்கேனுக்குப் போவதற்கு முன்பே பேட்டரியைப் பார்த்துவிட வேண்டும். இந்த வண்டியில் அது டிக்கியில் இருக்கிறது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலையில், தலைகுந்தா புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது, சாவி போட்டதும் நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் சேர்ந்து எரியும். ஏபிஎஸ் போச்சு, ஸ்டீயரிங் போச்சு என்று பயப்படத் தேவையில்லை. இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் மாட்யூல்கள் ஒன்றுக்கொன்று பேசுவது தடுமாறி, இல்லாத கோளாறை எல்லாம் பதிவு செய்யும். மல்டிமீட்டரில் அளந்து, ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8-லிருந்து 14.4 வரை தருகிறதா என்று பார்த்து, தேவையானால் ஏஜிஎம் வகை பேட்டரி மாற்றிவிட்டு, பழைய கோளாறுக் குறியீடுகளை அழித்து, ஒரு வாரம் ஓட்டி, பிறகு ஸ்கேன் எடுக்க வேண்டும். வலுவிழந்த பேட்டரியோடு எடுத்த ஸ்கேனை நம்பி நல்ல மாட்யூலை மாற்றிவிட்டு அழுகிறவர்கள் நிறைய.

அடுத்தது கூலிங். மலையில் இதற்குத் தனி கணக்கு இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகக் குக்கர் தேவைப்படுவதும் அதனால்தான். எஞ்சின் வேலை செய்கிற வெப்பமும் அந்த அளவைச் சுற்றித்தான். கொதிக்காமல் காப்பாற்றுவது இரண்டே விஷயம்: கூலண்டில் உள்ள கிளைகோல் என்ற ரசாயனம், எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடி பிடித்துவைக்கும் 1.4 பார் அழுத்தம். பழைய மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் அழுத்தம் நிற்காது. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக இருந்த வண்டி காட்டேரி வளைவுகளில் கூலண்டைத் துப்பும். உடனே டிரைவர்கள் ஓடைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார்கள். அன்றைக்கு வீடு வந்து சேரலாம், ஆனால் அதோடு கிளைகோல் விகிதம் கெட்டு, கொதிநிலை இறங்கி, உள்ளே துருவும் தொடங்கும். மூடியைக் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக வாங்கிவிடலாம், இந்த வண்டியில் மிக மலிவான காப்பீடு அதுதான்.

கூலண்ட் மெர்சிடிஸ் 325.0 அங்கீகாரம் உள்ளதாக இருக்க வேண்டும், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர். அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கடையில் சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று என்று கலந்தால் சேறு மாதிரி படியும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மேல் கீழ் ஹோஸ் எல்லாம் கூலண்டை இறக்கின கையோடு பார்த்துவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் ஊட்டிக் குளிரில் முள் 80-ஐத் தொடாது, ஹீட்டர் சூடு வராது, டீசல் அதிகம் குடிக்கும். சூடேறுகிற வண்டியைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள், சூடேறாத வண்டியை யாரும் கண்டுகொள்வதில்லை.

இனி கியர்பாக்ஸ். இந்த ஐந்து கியர் பெட்டிக்கு 722.6 என்று பெயர். தாங்குகிற பெட்டிதான், ஆனால் ‘வாழ்நாளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்று யாரோ சொன்னதை நம்பி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருப்பார்கள். மாற்ற வேண்டும். எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கன்வர்ட்டரோடு சேர்த்து எட்டு லிட்டர் வரை பிடிக்கும், பேன் (பெட்டியின் அடித்தட்டு) மட்டும் கழற்றினால் பாதிதான் இறங்கும். ஃபில்டர், பேன் கேஸ்கெட் புதிது. நிரப்பும் குழாயில் டிப்ஸ்டிக் கிடையாது, மெக்கானிக்கிடம் அளவுக்கோல் இருக்க வேண்டும். அளவை ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது, எஞ்சின் ஓட, சமதளத்தில் பார்க்க வேண்டும். ஆறினபின் பார்த்து ‘குறைவு’ என்று மேலும் ஊற்றினால் நுரைத்து, கியர் வழுக்கும். ஊட்டியில் சமதளம் தேடுவதே ஒரு வேலை.

பேன் இறங்கியிருக்கும்போதே ஒரு சின்னப் பாகத்தை மாற்றுவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் 13 பின் உள்ள வட்டப் பிளக் ஒன்று நுழைகிறது. அது உட்காரும் பிளாஸ்டிக் உறையின் எண் ஏ 203 540 02 53. அதில் இரண்டு ஓ-ரிங்குகள். வெப்பத்தில் அவை இறுகிப்போனால் கியர் ஆயில் பின்களின் ஊடே ஏறி, ஒயருக்குள் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஊர்ந்து, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரை போய்விடும். தரையில் ஒரு சொட்டுகூட விழாது. ஒருநாள் ஏற்றத்தில் வண்டி இரண்டாவது கியரிலேயே நின்றுகொள்ளும். வேலை எளிது: வெப்பத்தடுப்புத் தகட்டைத் தள்ளி, பிளக்கின் காலரை இடஞ்சுழியாகத் திருப்பி இழுத்து, நடுவில் இருக்கும் 7 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றினால் உறை கையில் வந்துவிடும். பிளக்கின் பின்களில் ஈரம் தெரிந்தால் கம்ப்யூட்டர் முனையின் பிளக்கையும் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கேயும் எண்ணெய் இருந்தால் கான்டாக்ட் கிளீனரால் கழுவி, சில வாரம் கழித்து மறுபடி திறந்து பார்க்க வேண்டும், ஒயரில் தங்கினது மெதுவாக ஊறி வரும். புது உறையின் விலையும் கம்ப்யூட்டரின் விலையும் மளிகைக் கடை பில்லும் நகைக்கடை பில்லும் போல.

மலையிறங்கும்போது கியர் லீவரை டி-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கில் காலை வைத்திருப்பதுதான் பேட், டிஸ்க், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கெடுக்கிறது. டி-யில் இருக்கும் லீவரை இடப்பக்கம் தட்டினால் கியர் ஒவ்வொன்றாக இறங்கும். குன்னூரிலிருந்து பர்லியார் வரை 3, வளைவில் 2. கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் 2, தேவைப்பட்டால் 1. 1,700 கிலோவை ஒட்டிய வண்டி இது, எஞ்சின் பிடிப்பு இல்லாமல் நிறுத்தினால் பேடிலிருந்து புகை வரும்.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் சொல்லவே வேண்டாம். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. நீளமான இறக்கத்தில் காலிப்பர் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி சேர்ந்தால் பெடல் தரை வரை போகும். பேட் 3 மில்லிமீட்டரில் மாற்ற வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் மேலேயே பொறித்திருக்கும், அளந்து பார்த்தபிறகே டிஸ்க்கை ‘லேத்’ போட்டுக் கடையச் சம்மதிக்க வேண்டும்.

எஞ்சினில் இரண்டு இடம். இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு வாஷர் கசிந்தால் எரிந்த புகை மேலேறி, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக இறுகும். எஞ்சின் கவரைத் தூக்கினால் ‘சக் சக்’ என்று ஒலி, கேபினுக்குள் டீசல் நெடி. ஆரம்பத்தில் பிடித்தால் நான்கு வாஷரும் புது போல்ட்டுகளும் போதும். போல்ட் இழுபடுகிற வகை, பழையதைத் திரும்பப் போடக் கூடாது. விட்டுவைத்தால் இன்ஜெக்டர் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போதே முறியும்.

இன்னொன்று டர்போ ஹோஸ். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான், அதனால் டர்போ கூடுதலாகச் சுழன்றாக வேண்டும். இன்டர்கூலர் ஹோஸில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஏற்றத்தில் இழுவை போய் லிம்ப் மோடுக்கு (எஞ்சின் தன்னைக் காக்கச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை) போகும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், அதனாலேயே பல மாதம் கண்டுபிடிக்கப்படாமல் ஓடும். டர்போ போய்விட்டது என்று சொல்லி விலை பேசுகிறவரிடம் முதலில் ஹோஸுக்குள் புகை விட்டுக் கசிவைப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஆயில் 6.5 லிட்டர், டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள வண்டிக்கு மெர்சிடிஸ் 229.51 தரம், ஃபில்டர் மேலேயே இருப்பதால் வீட்டிலேயே மாற்றலாம். டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை, அந்தச் செலவு மிச்சம். சஸ்பென்ஷனின் கீழ் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் எஸ்டேட் மண் சாலையில் சீக்கிரம் போகும், ஜோடியாக மாற்றி அலைன்மென்ட் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாகங்களை பென்ஸ் பெட்டியில் வாங்க வேண்டுமென்று சட்டமில்லை. சாசி எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை எடுத்து, லெம்ஃபோர்டர் ஆர்ம், பாஷ் க்ளோ பிளக், மான் ஃபில்டர், ஏடிஇ டிஸ்க் என்று அதே தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வாங்கினால் பொருள் பெரும்பாலும் அதேதான். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானதால் பழைய கொட்டேஷனை நம்பாமல் புதிதாகக் கேட்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கண்ணாடி, விளக்கு, கதவு டிரிம் தாராளமாக வாங்கலாம். ரப்பரும் பிரேக்கும் அங்கே வேண்டாம்.

தண்ணீர் புகும் இடம் பற்றி யாரும் சொல்வதில்லை. விண்ட்ஷீல்டுக்குக் கீழே உள்ள வடிகாலில் தைலமர இலையும் சில்வர் ஓக் சருகும் அடைத்தால், மழைத் தண்ணீர் எஞ்சின் பக்கம் உள்ள சாம் மாட்யூலை நனைக்கும். பின் விளக்கின் ரப்பர் கிழிந்தால் டிக்கி சாம் நனையும். ஜூன் மழைக்கு முன் ஒரு முறை, அக்டோபர் மழைக்கு முன் ஒரு முறை சருகை அள்ளி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிட வேலை. கல்லார் பக்கம் நிறுத்தினால் குரங்கு வைப்பர் ரப்பரைப் பிய்க்கும், அதற்கு மருந்தில்லை.

கடைசியாக ஆர்சி. 15 வருடம் முடிந்தால் படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும், காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000. 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் முதல் 10,000, இறக்குமதி என்றால் 80,000. புனேயில் அசெம்பிள் செய்தது இறக்குமதி வண்டியாகாது. ஆனால் ஆர்சியில் தப்பாக ஏறியிருந்தால் எட்டு மடங்கு வித்தியாசம், வாங்கும்போதே அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இதோடு பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று. ஆய்வாளர் பார்ப்பது விளக்கு, ஹாரன், டயர், பிரேக், சாசி எண். சாசி எண் எங்கே பொறித்திருக்கிறது என்று முந்தின நாளே கண்டுபிடித்து, துடைத்து, பென்சில் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டால் ஆர்டிஓ வாசலில் கார்ப்பெட்டைக் கிழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.