நெட் ஆங்கிலம், ஐந்தாம் அலகு: எனக்குக் கைகொடுத்தது ஒரு மூக்கு

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வின் முடிவு வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் ஆற நாளாகும். எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான தாள் 1-க்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஆங்கிலத் தாளின் ஐந்தாம் அலகான மொழிப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் பட்டியலை உருப்போட வராது. வருகிறவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. நான் செய்தது, ஒரே ஒரு சில்லறைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அது இழுத்த பக்கமெல்லாம் போனதுதான். அந்தச் சொல் 'ஷ்னாஸ்'. மூக்குக்கு, அதுவும் பெரிய மூக்குக்கு, அமெரிக்கர்கள் கிண்டலாகச் சொல்வது.

அகராதிகள் இதை, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யிட்டிஷ் மொழியின் 'ஷ்னோய்ட்ஸ்' என்ற சொல்லோடு சேர்க்கின்றன. நாய், பன்றியின் நீண்ட மூஞ்சி என்று பொருள். ஜெர்மனில் 'ஷ்னௌட்ஸ', ஷ்னௌட்சர் நாயின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். யிட்டிஷ் எழுதப்படுவது எபிரேய எழுத்தில், ஆனால் அது ஜெர்மானியக் கிளை மொழி. பொருத்துக வினாவில் எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

1881-க்கும் 1924-க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா போனார்கள். மிகப் பலர் இறங்கியது நியூயார்க்கில். பேகல் (வளைய ரொட்டி), க்ளட்ஸ் (தடுமாறுகிற ஆள்), ஷ்லெப் (இழுத்துக்கொண்டு போவது) எல்லாம் அந்த வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டேவின் பட்டப்பெயரே 'ஷ்னாஸோலா'. அவர் யூதர் இல்லை, இத்தாலியக் குடும்பம். கடன்சொல் கொண்டுவந்தவர்களோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஹாலிவுட்டில் மற்ற நட்சத்திரங்கள் சிமெண்டில் கை பதித்தார்கள். இவர் மூக்கையும் பதித்தார்!

அப்புறம் அந்த 'ஸ்ன்' ஒலி. ஸ்னவுட், ஸ்னிஃப், ஸ்னோர், ஸ்னாட் எல்லாமே மூக்கைச் சுற்றித்தான். ஒலிக்கூட்டம் இப்படிப் பொருளோடு ஒட்டிக்கொள்வதற்கு மொழியியலாளர் ஃபர்த் 1930-இல் வைத்த பெயர் ஃபோனஸ்தீம். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பில்லை என்ற மொழியியலாளர் சசூரை, இதை எதிரே வைத்துக்கொண்டு படித்தால் சட்டென்று ஏறும். தும்மலைக் குறிக்கும் 'ஸ்னீஸ்' பழைய ஆங்கிலத்தில் 'ஃப்னியோசன்'. 'ஃப்ன்' வழக்கொழிந்தது, சொல் 'ஸ்ன்' கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

மற்றவை, வேகமாக:

- நாஸ்ட்ரில்: மூக்கு, துளை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. 'த்ரில்' என்பதும் அந்தத் துளை வேரிலிருந்துதான். 'ர்' இடம் மாறியிருக்கிறது, நம் விசிறி சிவிறியானது போல.
- நாசில் (குழாய் முனை): மூக்கோடு சிறுமை விகுதி. குட்டி மூக்கு.
- நேசல் (மூக்கு சார்ந்தது): லத்தீன் வழி. 'நாசி' நமக்குச் சமஸ்கிருத வழி. வேர் ஒன்றே.
- காங்க்: மூக்குக்குப் பிரிட்டன் கொச்சை வழக்கு. சங்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது ஊகம்தான், அதை நம்பி நேரம் செலவிடாதீர்கள்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கொச்சைச் சொல்லாகப் பாருங்கள். கௌரவமான சொற்கள் பெரும்பாலும் லத்தீனிலோ பிரெஞ்சிலோ போய் நின்றுவிடும். காலவரிசை வினாக்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அங்கே உருப்போட்டுத்தான் ஆக வேண்டும்.