தெர்மாமீட்டர் 30 மில்லிகெல்வின் காட்டினால் படிகமும் அங்கே இருக்கிறது என்று நம்பாதீர்கள்

ஒருவழியாக லித்தியம் ஹோல்மியம் இட்ரியம் ஃபுளோரைடு என்ற காந்தப் படிகத்தின் காந்த ஏற்புத்திறன் அளவீடு (சிறிய ஏசி காந்தப்புலத்துக்குப் படிகம் எவ்வளவு காந்தமாகிறது என்பது) முடிந்தது. இதே படிகத்தை எடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டைலூஷன் ஃப்ரிட்ஜை (மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் கருவி) மூடுங்கள்.

என்னுடையதில் இட்ரியம் இடங்களில் 4.5 சதவீதம்தான் ஹோல்மியம். இந்த அளவுக்குத்தான் பெரிய வழக்கே. 2002, 2003இல் சிகாகோ குழு, குளிரக் குளிர இதன் ஸ்பின்கள் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள்) உறையாமல் ‘ஆன்டிகிளாஸ்’ ஆகின்றன, ஒன்றோடொன்று குவாண்டம் பின்னலில் இருக்கின்றன என்றது. 2008இல் வாட்டர்லூ குழு, இல்லை, இது வழக்கமான ஸ்பின் கிளாஸ் (ஸ்பின்கள் ஒழுங்கில்லாத திசைகளில் உறையும் நிலை) போலவே மெதுவாகிறது என்றது. இரண்டு பக்கமும் கவனமாக அளக்கிறவர்கள்.

படிகம் வந்ததே தாமதம். வந்தபோது சி அச்சு எந்தப் பக்கம் என்ற குறியும் இல்லை. ஹோல்மியத்தின் ஸ்பின் அந்த அச்சில் மேலோ கீழோ மட்டுமே பார்க்கும் என்பதால், அச்சு தெரியாமல் அளக்கும் காயிலுக்குள் வைத்துப் பயனில்லை. விற்றவரிடம் கேட்டால் ‘ஆர்டரில் எழுதவில்லையே’ என்று ஒரு வரி பதில். அச்சைக் கண்டுபிடிக்க லாவே எக்ஸ்ரே எடுக்க வரிசையில் நின்றதுதான் மிச்சம். ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

டைலூஷன் ஃப்ரிட்ஜ் ஒரு தொல்லையும் தரவில்லை. கசிவு இல்லை, அடைப்பு இல்லை, அதன் மிகக் குளிர்ந்த பகுதியான மிக்ஸிங் சேம்பரின் வெப்பநிலை இறங்கி நின்றது.

தொல்லை எல்லாம் படிகத்தைப் பிடித்து நிற்கும் ஹோல்டரில். முன்பு யாரோ செய்த பிளாஸ்டிக் ஹோல்டர் அது. உலோகம் வைத்தால் சுழல் மின்னோட்டம் ஏசி சிக்னலைக் கெடுக்கும், ஆகவே பிளாஸ்டிக், காரணம் நியாயம்தான். லாக்புக்கில் ‘பழைய ஹோல்டர், சரி’ என்று மட்டும் இருந்தது. குளிர்வித்து அளந்த வளைவும் சூடாக்கி அளந்த வளைவும் ஒட்டவில்லை. கிளாஸ் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று லேப்பில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது: 400 மில்லிகெல்வினிலும் ஒட்டவில்லை. இவ்வளவு நீர்த்த படிகத்தில் அந்த வெப்பநிலையில் ஸ்பின்கள் உறைய வேலையே இல்லை.

அப்புறம் ஒரு எளிய சோதனை செய்தேன். 400இலிருந்து 450 மில்லிகெல்வினுக்கு ஏற்றிவிட்டு, காந்த ஏற்புத்திறன் எவ்வளவு நேரத்தில் நிலைக்கிறது என்று பார்த்தேன். தெர்மாமீட்டர் உடனே போய் உட்கார்ந்துவிட்டது. படிகம் வெகுநேரம் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. இது மின்கடத்தாப் பொருள், வெப்பத்தைச் சுமக்க எலக்ட்ரான்கள் கிடையாது. பரப்புக்குப் பரப்பு வெப்பம் தாண்டும் தடையோ வெப்பநிலை குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு ஹோல்மியத்தின் அணுக்கருவே 0.3 கெல்வின் அருகே பெரிய வெப்ப ஏற்புத்திறன் வைத்திருக்கிறது. அத்தனையையும் பிளாஸ்டிக் வழியாக வெளியேற்ற வேண்டும்.

தீர்வு சஃபையர். மெருகேற்றிய தகட்டில் படிகத்தின் நீளமான முகம் முழுவதையும் மெல்லிய வார்னிஷால் ஒட்டி, தகட்டின் மறுமுனையைக் காயிலுக்கு வெளியே செம்பில் இறுக்கினேன். சிக்னலும் கெடவில்லை. அதே சோதனையில் படிகம் சில நிமிடங்களில் தெர்மாமீட்டரைப் பிடித்துவிட்டது. அந்த நம்பிக்கையோடு கீழே இறங்கினால், அதிர்வெண் குறையக் குறைய காந்த ஏற்புத்திறன் வளைவின் உச்சி குளிர்ந்த பக்கம் நகர்ந்தது. ஸ்பின்கள் மெதுவாவதுதான். பார்த்ததும் கத்தியே விட்டேன்.

பிளாஸ்டிக்கில் எடுத்த தரவைத் தூக்கிப்போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். 2014இல் சிகாகோ குழுவினரே காட்டினார்கள்: ஒரே பொருளை வெப்பக் குளியலோடு இறுக்கமாக இணைத்தால் கிளாஸ் பக்கம் போகிறது, தளர்வாக இணைத்தால் குவாண்டம் பக்கம். ஆக, ஹோல்டரும் சோதனையின் ஒரு மாறி.

ஆகையால் ஹோல்டரின் பொருள், பசை, ஒட்டிய பரப்பு மூன்றையும் லாக்புக்கில் எழுதுங்கள், ஒரு படமும் ஒட்டிவையுங்கள். காயில் தரும் ஏசி காந்தப்புலத்தைப் பாதியாக்கியும் ஒருமுறை அளந்துவிடுங்கள். மதிப்பு மாறினால் காயிலே படிகத்தைச் சூடாக்குகிறதா என்று முதலில் பாருங்கள். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு புள்ளிக்கே பல நிமிடம் ஆகும் என்பதால், ஹீலியம் நிரப்பும் நாளை அதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.