விறைப்பு, முறைப்பு, கொஞ்சம் வடிவக்கணக்கு

பூனைக்குக் கோபம் வந்தால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு இரு மடங்கு ஆகிவிடும். எதிராளியை மிரட்ட நிற்கும் மனிதனுக்கு அந்த வசதி இல்லை. சிலிர்த்தாலும் யாருக்கும் தெரியாது. உயரத்தையும் கூட்ட முடியாது. மிச்சம் இருப்பது அகலம் மட்டும்.

அகலத்துக்குக் கைதான் முதல். இடுப்பில் இரு கைகளையும் ஊன்றினால் முழங்கைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும். வாசலில் அப்படி நிற்கும் ஒற்றை ஆளே வழியை அடைத்துவிடுவார். கால்கள் தோள் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் அகட்டினால் உயரம் குறையும், சட்டென்று நகரவும் வராது.

சொதப்பல் பெரும்பாலும் நெஞ்சில்தான். மூச்சை இழுத்துப் பிடித்து நெஞ்சைப் புடைத்தால் தோள்கள் காதுப் பக்கம் ஏறி, கழுத்து காணாமல் போகும். பயந்தவன் உடம்பும் அப்படித்தான் இருக்கும்! அந்த நிலையில் வாய் திறந்தால் குரலும் மெலிந்து மேலே போகும். மூச்சை விட்டுவிட்டுத் தோளைப் பின்னுக்கும் கீழுக்கும் இறக்க வேண்டும்.

மோவாயைத் தூக்கினால்தான் மிரட்டல் என்பது பொதுவான நம்பிக்கை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது: முகபாவத்தை மாற்றாமல், தலையை மட்டும் சுமார் 10 டிகிரி தாழ்த்தி எதிராளியை நேராகப் பார்த்தாலே முகம் மிரட்டலாகத் தெரிகிறது. அந்தக் கோணத்தில் புருவங்கள் நடுவில் இறங்கி நெரிந்தது போலத் தோன்றுவதுதான் காரணம். பார்வையும் சேர்ந்து தாழ்ந்தால் காரியம் கெட்டது, அது பணிவு.

2 நிமிடம் இப்படி உடம்பை விரித்து நின்றால் ஹார்மோனே மாறும் என்று 2010இல் ஆய்வாளர்கள் 42 பேரை வைத்துச் சொன்னார்கள். 2015இல் 200 பேரிடம் சோதித்தபோது ஹார்மோன் அசையவில்லை. தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னது மட்டுமே மிஞ்சியது.

தூரத்தையும் கவனிக்க வேண்டும். மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் வகுத்த கணக்கில், 45 சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பது நெருங்கியவர்களுக்கான இடம். அதற்குள் காலை வைத்தாலே எதிராளி பின்வாங்கப் பார்ப்பார். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் முழங்கையும் காலும் கண்ணில் படாது, முகம் மட்டும்தான். விரித்து நிற்பது இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்பவர் பாதி உழைப்பை வீணாக்குகிறார்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டோ, கால் மாற்றி மாற்றியோ நின்றால் உதார் என்பது உடனே தெரிந்துவிடும்.

எதிரில் நிற்பவர் நீங்கள் என்றால், நேருக்கு நேர் நிற்காமல் அரைவாசி திரும்பி நின்று, பேச்சோடு பேச்சாக நாற்காலியைக் காட்டுங்கள். உட்கார்ந்துகொண்டு இடுப்பில் கை ஊன்றுவது யாருக்கும் எடுபடாது.