செவலையோட தட்டுல அரசாணிக்காய்

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருநா காலைல அம்மா வாசல்ல இருந்து கூப்ட்டாங்க, "கண்ணு, இங்க வந்து உன்ற நாயோட கக்காவ பாரு"ன்னு. காலங்காத்தால இதென்ன கொடுமைன்னு போய் பாத்தா, முந்தின நாள் ராத்திரி நான் பாத்து பாத்து நறுக்கி போட்ட கேரட் துண்டெல்லாம் நிறம் கூட மாறாம கிடக்குது. "கழுவுனா சாம்பாருக்கே போட்டுக்கலாம் போல"ன்னுட்டு அம்மா கோலம் போட போய்ட்டாங்க.

செவலை எங்க வீட்டு நாட்டு நாய், 18 கிலோ இருப்பான். அவனை ரா டயட்டுக்கு மாத்தி அப்ப ஒரு வாரம் தான் ஆகியிருந்துச்சு. பச்சைக் கறி, கோழிக் கழுத்து, ஈரல், அதுகூட கொஞ்சம் காய்கறி. கறிக்கு பிரச்சினையே இல்ல, கடைக்கார அண்ணன் கழுத்தும் சுவரொட்டியும் (மண்ணீரல்) எனக்குன்னு எடுத்து வெச்சிருவாரு. காய்கறி தான் ஒண்ணும் விளங்கல. சாலட் மாதிரி நறுக்கி போட்டா போதும்னு நினைச்சிட்டு இருந்தேன், நாய் தான் ஆர்வமா சாப்டுதே, அப்பறம் என்னன்னு.

அப்பறம் உக்காந்து படிச்சப்பத்தான் விசயம் புரிஞ்சுது. காயோட ஒவ்வொரு செல்லுக்கும் செல்லுலோஸ்ல ஒரு சுவர் இருக்கு. ஆடு மாட்டுக்கு வயித்துல இருக்கற நுண்ணுயிரெல்லாம் அந்த சுவரை உடைச்சு குடுத்துரும், அதுபோக உக்காந்து அசை வேற போடும். நாய் எங்க அசை போடுது, ரெண்டு கடி, ஒரு முழுங்கு, அவ்ளோதான். எச்சில்ல மாவுச்சத்த கரைக்கற அமைலேஸும் அதுக்கு பெருசா கிடையாது. அதனால துண்டா போன கேரட் துண்டாவே வெளிய வந்துருது, உள்ள இருந்த பீட்டா கரோட்டினும் கூடவே வந்துருது. இதுல கொடுமை என்னன்னா, பீட்டா கரோட்டின வைட்டமின் ஏவா மாத்தற வேலைய நாயோட உடம்பு நல்லாவே செய்யும் (பூனைக்கு அது முடியாது), ஆனா சுவரை உடைச்சாத்தானே கைக்கு கிடைக்கும். அந்த உடைக்கற வேலை நம்மளுது. மிக்ஸில கூழா அரைக்கணும், இல்லாட்டி ஆவில வேக வெக்கணும். ரா டயட்ல வேகவெச்ச காயான்னு சில பேரு சண்டைக்கு வருவாங்க, வரட்டும், நான் அரசாணிக்காய (மத்த ஊர்க்காரங்களுக்கு பரங்கிக்காய், மஞ்சள் பூசணி) எப்பவும் இட்லி சட்டில வெச்சு எடுத்துத்தான் போடறேன்.

இந்த சண்டை இன்னிக்கு நேத்து சண்டை இல்ல. பார்ஃப்னு சொல்ற ரா டயட் முறைய பிரபலப்படுத்துனது இயான் பில்லிங்ஹர்ஸ்ட்னு ஒரு ஆஸ்திரேலிய கால்நடை டாக்டர், 1993ல புத்தகம் போட்டாரு. அவரு காய்கறிய அரைச்சு சேக்கணும்ங்கற கட்சி. அதே ஆஸ்திரேலியால டாம் லான்ஸ்டேல்னு இன்னொரு டாக்டர், அவரு கறியோட இருக்கற எலும்பு தான் முக்கியம், காயெல்லாம் பெருசா தேவையில்லன்னு எதிர்க்கட்சி. காய் சேக்கறவங்க அடிக்கடி சொல்ற ஒரு வாதம், ஓநாய் இரையோட வயித்துல இருக்கற அரைச்ச புல்லையும் சேத்து தின்னும், அத தான் நாம மிக்ஸில செய்யறோம்னு. கேக்க நல்லா இருக்கு. ஆனா ஓநாய்களை பல வருசம் காட்டுல பாத்து ஆராய்ச்சி பண்ணுன டேவிட் மெக் எழுதுனது வேற, பெரிய இரைய அடிச்சா வயித்துல இருக்கற புல்லை ஓநாய் பெரும்பாலும் ஒதுக்கிட்டு தான் போகும். அதனால அந்த வாதத்த நான் விட்டுட்டேன்.

அதுக்காக நாயும் ஓநாயும் ஒண்ணுன்னும் சொல்லிர முடியாது. 2013ல ஸ்வீடன் உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரங்க ரெண்டோட மரபணுவையும் ஒப்பிட்டு பாத்தாங்க. மாவுச்சத்த செரிக்க வெக்கற ஏஎம்ஒய்2பி ங்கற ஜீன் ஓநாய்க்கு 2 பிரதி தான், நாய்க்கு 4ல இருந்து 30 வரைக்கும் இருக்குதாம். மனுசங்கூட சேந்து சோறு தின்னு தின்னு வந்த வித்தியாசம். எங்க தாத்தா தோட்டத்து நாய்க்கெல்லாம் ராகிக் களியும் மோரும் தான், என்னிக்காவது கிடா வெட்டுனா எலும்பு. அந்த நாய்ங்க எல்லாம் மரபணு படிச்சிட்டா தின்னுச்சு.

சரி அளவுக்கு வர்றேன். வளந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடம்பு எடைல 2லருந்து 3 சதவீதம்னு ஒரு பொதுக்கணக்கு. செவலைக்கு சுமாரா 450 கிராம். பார்ஃப்காரங்க கணக்குல காய் 7 சதவீதம், பழம் 1 சதவீதம், மிச்சமெல்லாம் கறி, எலும்பு, ஈரல் வகையறா. அப்படின்னா காய் வெறும் 30 கிராம் சொச்சம். ரெண்டு பெரிய கரண்டி கூட வராது! நான் ஆரம்பத்துல ஒரு முழு கேரட், அரை பீட்ரூட், ஒரு கைப்பிடி பீன்ஸுன்னு கல்யாண பந்தி ரேஞ்சுக்கு போட்டுட்டு இருந்தேன், லூஸ் மோஷன் ஆகாம என்ன பண்ணும்.

இப்ப வழக்கமா போறது அரசாணிக்காய், கேரட், பீன்ஸ், சுரைக்காய், வெள்ளரிக்காய். உழவர் சந்தைல கடைசி நேரத்துல போனா எல்லாம் சல்லிசா கிடைக்கும். அரசாணிக்காய்ல இருக்கற நார் தண்ணிய பிடிச்சு வெச்சுக்கும், அதனால கக்கா இறுகிப் போனாலும் சரி லேசா இளகுனாலும் சரி, ஒரே மருந்து. எலும்பு ஜாஸ்தியாயிட்டா கக்கா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா உதிரும், அன்னிக்கு இன்னொரு ஸ்பூன் சேத்துக்குவேன். முட்டைக்கோஸ், பாலக்கு எல்லாம் எப்பவாவது தான், பாலக்குல கல்லு உண்டாக்கக்கூடிய ஆக்சலேட் ஜாஸ்தி, கோஸ் நிறைய போனா கேஸு, அப்பறம் ரூமுக்குள்ள நாம இருக்க முடியாது. பச்சை உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம், அதுலயும் தோலு பச்சையா மாறுனது சொலனின் விஷம். மக்காச்சோளத் தக்கை குடல்ல போய் அடைச்சுக்கும், ஆபரேஷன் வரைக்கும் இழுத்துரும், சின்னப் பசங்க தின்னுட்டு தூக்கி எறியறத பாத்துக்கோங்க.

நான் ரொம்ப நேரம் பேசணும்னு நினைக்கறது வெங்காயத்த பத்தி. நம்ம சமையல்ல வெங்காயம் இல்லாம என்ன இருக்கு? வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாத்துலயும் இருக்கற கந்தகப் பொருள் நாயோட சிவப்பணுவ உடைச்சு ரத்தசோகைல கொண்டு விடும். உடம்பு எடைல 0.5 சதவீதத்துக்கு மேல ஒரே தடவைல போனா விஷமாயிரும்னு கால்நடை மருத்துவத்துல சொல்றாங்க, செவலை கணக்குல 90 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமா தினமும் போனாலும் சேதம் சேந்துட்டே போகும். வேக வெச்சாலும் விஷம் போகாது. இதுல ஏமாத்தற விசயம், தின்ன உடனே ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சு தான் ஈறு வெளுக்கும், மூத்திரம் காபி நிறத்துல போகும், நாய் சோந்து படுத்துக்கும். அப்ப யாருக்கு மூணு நாள் முன்னாடி வெச்ச குருமா ஞாபகம் வரும்?

இதே வரிசைல புளி. இத படிச்சப்ப எனக்கே தூக்கி வாரி போட்டுச்சு. திராட்சை நாய்க்கு கிட்னிய காலி பண்ணும்னு ரொம்ப நாளா தெரியும், ஏன்னு தான் பிடிபடாம இருந்துச்சு. 2021ல அமெரிக்கால ஏஎஸ்பிசிஏங்கற விலங்கு நல அமைப்போட விஷ மையத்து டாக்டர்கள் டார்டாரிக் ஆசிட் தான் காரணமா இருக்கும்னு சொன்னாங்க. கிரீம் ஆஃப் டார்டார் (அந்த ஆசிட்ல இருந்து வர்ற, பேக்கிங்குக்கு போடற புளிப்புப் பொடி) போட்டு வீட்ல செஞ்ச விளையாட்டு மாவ தின்ன ஒரு நாய்க்கு திராட்சை தின்ன மாதிரியே ஆனதுல இருந்து தான் சந்தேகமே வந்துச்சாம். அப்பறம் பாத்தா புளி தின்ன நாய்களுக்கும் கிட்னி பாதிச்சிருக்கு. புளில டார்டாரிக் ஆசிட் எக்கச்சக்கம்ல. நம்ம சாம்பார்ல சின்ன வெங்காயமும் இருக்கு புளியும் இருக்கு. "மிச்ச சாம்பார் சோத்த நாய்க்கு ஊத்து"ன்னு காலங்காலமா பழகுன வீட்ல இத சொல்லி புரிய வெக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. அம்மா ஒரே வார்த்தைல முடிச்சாங்க, "இத்தன நாளு நாயெல்லாம் செத்தா போச்சு?" சில நாய்ங்க செத்துத்தான் போச்சு, எதனாலன்னு நாம பாக்கல, அவ்ளோதான்.

வாரத்துக்கு ஒருக்கா காயெல்லாம் அரைச்சு ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சிருவேன், தினம் ரெண்டு கட்டி. ஒருநா ட்ரே பத்தாம மிச்சத்த ஒரு கிண்ணத்துல வெச்சிருந்தேன், பீன்ஸும் சுரைக்காயும் அரைச்சது, நல்ல பச்சைக் கலரு. ஊர்ல இருந்து வந்த சித்தப்பா அத எடுத்து ரெண்டு தோசைக்கு தொட்டு சாப்ட்டுட்டு, "சட்னில உப்பு மட்டும் கம்மி"ன்னாரு. இன்னி வரைக்கும் அவருகிட்ட யாரும் சொல்லல.

ரா டயட்ட எல்லாரும் ஆரம்பிங்கன்னு நான் சொல்ல வரல. எங்க வெட்னரி டாக்டருக்கே இதுல உடன்பாடு இல்ல. பச்சைக் கறில சால்மோனெல்லாங்கற கிருமி இருக்கலாம், நாய்க்கு ஒண்ணும் ஆகாட்டியும் வீட்டு ஆளுங்களுக்கு ஒட்டிக்கும், கைக்குழந்தையும் வயசானவங்களும் இருக்கற வீட்ல யோசிங்கன்னு அவரு சொல்றது நியாயம் தான். செவலைக்கு தனி கத்தி, தனி பலகை, தட்டு உடனே கழுவணும். வெறும் கறியும் காயும் மட்டும் போட்டா கால்சியம் பத்தாது, அதுக்கு பச்சை எலும்பு வேணும், வேகவெச்ச கோழி எலும்பு மட்டும் கூடவே கூடாது, ஊசியா உடையும்.

பலன் என்னன்னா, முடி பளபளப்பா இருக்கு, அரிப்பு குறைஞ்சிருக்கு. ஆனா அதே மாசம் தான் உண்ணி மருந்தையும் மாத்துனோம், அதனால அரிப்பு போன பெருமைய கேரட்டுக்கு குடுக்க எனக்கு மனசு வரல.

அம்மா இப்ப காய் நறுக்கும்போதே வெங்காயத்துல கத்தி படறதுக்கு முன்னாடி செவலை பங்க எடுத்து வெச்சிடறாங்க. சுரைக்காய் கசந்தா விஷம்னு, மனுசங்களே கசப்பு சுரைக்காய் ஜூஸ் குடிச்சு செத்திருக்காங்கன்னு ஒருநா சொல்லி வெச்சேன். இன்னிக்கு காலைல நான் காபி குடிச்சிட்டு இருக்கேன், அடுக்களைல செவலை வாலாட்டிட்டு நிக்கறான், அம்மா சுரைக்காய்ல ஒரு துண்ட வாயில போட்டு மென்னுட்டு அவன பாத்து சொல்றாங்க, "கசக்கல சாமி, இரு அரைச்சு தர்றேன்."