வாழ்ந்து போதீரே

பழைய மாணவர் மலர்க் குழுத் தம்பி ஒருவர் அழைத்து, “அண்ணன், பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்க” என்று கேட்டார். விளையாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி, கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்த பின்னேரங்கள் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது 1979 தை மாதத்தில் நான் ஒரு நண்பனிடம் சொன்ன ஒரு வசனம். 45 வருடத்துக்கு மேலாக அது என்னோடு இருக்கிறது.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. எனக்கு அப்போது 14 வயது. அந்த வயதுக்காரர் யாரும் மட்டக்களப்பில் அந்த இரவை மறந்திருக்க முடியாது. இருட்டியதும் காற்று ஏறியது. ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பறந்து, அப்புறம் வரிசை வரிசையாகப் போயின. அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் படுத்து, கந்தசஷ்டி கவசம் சொன்னார். நடுச்சாமத்தில் எல்லாம் சட்டென்று ஓய்ந்தது. அப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “முடிஞ்சிட்டு” என்றார். முடியவில்லை. சற்று நேரத்தில் நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து அடித்தது. முதல் காற்றில் ஆடி நின்ற சுவர்களை அந்த இரண்டாவது காற்று சாய்த்தது. சூறாவளிக்குக் கண் உண்டு, அது கடக்கும்போது காற்று நின்று பிறகு திசை மாறி வரும் என்று பின்னாளில் புவியியல் பாடத்தில் படித்தபோது, எனக்கு அப்பாவின் அந்த ஒரு சொல்தான் நினைவுக்கு வந்தது.

விடிந்து பார்த்தால் ஊரில் நிழல் இல்லை. தென்னைகள் முறிந்து கிடந்தன, மாமரங்கள் வேரோடு கிடந்தன. இதற்கு முன் ஒருநாளும் எங்கள் முற்றத்திலிருந்து தெரியாத தூரத்து வீடுகள் எல்லாம் தெரிந்தன. நாடு முழுவதும் 900 பேருக்கு மேல் அந்தச் சூறாவளியில் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருத்தி, வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த நண்பனின் தங்கச்சி. 6 வயது. காற்று ஓய்ந்த இடைவெளியில் தண்ணீர் குடிக்க எழுந்தவள், திரும்பி வருமுன் குசினிச் சுவர் விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடம் ஒழுங்காகக் கூடியது தை பிறந்த பிறகுதான். எங்கள் வகுப்பறைக்குப் பாதிக் கூரை இல்லை. வெயில் விழாத பக்கமாக வாங்குகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தோம். இடைவேளையில் அவன் என்னிடம் கேட்டான்: “தங்கச்சி என்னடா செஞ்சவள்?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுதான் துக்கம். சமயபாடக் கொப்பியில் வினை மூன்று வகை என்று எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்: சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம். சேர்ந்து கிடப்பது, இப்போது அனுபவிப்பது, இனி ஏறப்போவது. கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் எடுத்தவன் நான். சொன்னேன்: “அது போன பிறப்பு வினைடா. பிராரத்தம். அனுபவிச்சுத்தான் தீரணும்.”

ஆறுதலாக இருக்கும் என்று உண்மையிலேயே நினைத்துத்தான் சொன்னேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்து பின் வாங்குக்குப் போனான். மூன்று வருடமாக ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள்.

எங்கள் தமிழ்ச் சேர் அப்போது வாசலில் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. மணி அடித்ததும் உள்ளே வந்தவர், பாடப்புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. கரும்பலகையில் புறநானூற்றின் 194ஆம் பாட்டை எழுதினார். ஏழே வரிகள். பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு முழங்குகிறது. கூடியிருப்பவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவளின் கண்ணில் நீர் வடிகிறது. உலகத்தை இப்படிப் படைத்து வைத்தவன் யார்? “படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்.” சேர் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, “பண்பில்லாதவன் என்று சொல்கிறார், கடவுளை” என்றார். பிறகு வள்ளுவரின் குறள் ஒன்றையும் சொன்னார். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டுமென்றால், உலகைப் படைத்தவன் அலைந்து கெட்டுப் போகட்டும் என்று சபிக்கும் குறள் அது. ஒருவன் எழுந்து, “சேர், கடவுளை ஏசினால் பாவம் இல்லையா?” என்று கேட்டான். “இரண்டாயிரம் வருடமாக நாம் இதைப் பாதுகாத்து வைத்திருக்கிறோம். பாவமென்றால் யாராவது கிழித்துப் போட்டிருப்பார்கள்” என்றார்.

என் நண்பன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சூறாவளிக்குப் பிறகு அவன் பாடத்தைக் கவனித்தது அன்றுதான்.

பள்ளி விட்டதும் சேர் என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்றுதான் போனேன். அவர் கதிரையைக் காட்டி, “இரி மனே” என்றார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் ஒரு பாட்டைச் சொல்லி, தெரியுமா என்று கேட்டார். தாய் தகப்பன் சொல் கேளாத பிள்ளையை வளாரினால் அடிப்பார்கள், கட்டியும் வைப்பார்கள், பார்க்கப் போனால் அதெல்லாம் பரிவுதான், ஈசனின் கோபமும் அப்படித்தான் என்று வரும் பாட்டு. தெரியும் என்றேன். “நல்ல பாட்டு. நானும் நம்புகிறேன். ஆனால் அது உன் முதுகில் அடி விழும்போது உனக்கு நீயே சொல்லிக்கொள்ளும் பாட்டு. அடுத்தவன் முதுகைத் தடவிக்கொண்டு சொல்லும் பாட்டு இல்லை” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சைவ, கிறிஸ்தவ, இஸ்லாமிய நண்பர்களோடு இதைப் பற்றிக் கதைத்திருக்கிறேன். கன்மம், ஆதிப் பாவம், இறைவனின் சோதனை, மனிதனுக்குக் கொடுத்த சுதந்திரம் என்று விளக்கங்கள் பல. எதையும் நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் வளார்ப் பாட்டில் எனக்குச் சிக்கும் இடம் ஒன்று உண்டு. அடித்துத் திருத்துவதென்றால், திருந்துவதற்குப் பிள்ளை இருக்க வேண்டுமே. அந்தச் சிறுமி தண்ணீர் குடிக்கத்தானே எழுந்தாள்? ஆன்மா அழியாது, அடுத்த பிறவி இருக்கிறது என்று சித்தாந்தம் சொல்லும். நானும் அதை நம்புகிறவன்தான். நம்பிக்கொண்டேதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

சேர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. “அவன் வீட்டுக்குக் கூரை இல்லை, தெரியும்தானே” என்று மட்டும் சொன்னார். ஊரெங்கும் தென்னோலை கிடந்த காலம் அது. பின்னேரங்களில் நானும் இன்னும் இரண்டு பெடியன்களும் அவன் வீட்டுக்குப் போய், ஓலை இழுத்துக் கொடுத்து, கிடுகு பின்னினோம். அவனுடைய அம்மா எங்களோடு இருந்து பின்னுவார். அவர் பின்னும் வேகத்துக்கு எங்கள் மூன்று பேராலும் ஓலை பிளந்து கொடுக்க முடியாது. யாரும் தங்கச்சியைப் பற்றிக் கதைக்கவில்லை. பைபிளில் யோபுவின் சிநேகிதர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் இருந்தார்கள் என்று வருகிறது. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் பிழைவிட்டார்கள். முடிவில் கடவுளே அவர்கள் மீது கோபப்படுகிறார், தன்னோடு வழக்காடிய யோபுவின் மீது அல்ல. இதை வாசித்தபோது எனக்கு அந்தக் கிடுகுதான் நினைவுக்கு வந்தது.

நண்பன் மறுபடி என் வாங்குக்கு வந்தான். எப்போது என்று சரியாக நினைவில்லை.

1990இல் எங்கள் பக்கம் நடந்த படுகொலைகளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. அது மனிதர் செய்தது. அதைக் கடவுளின் கணக்கில் எழுதுவதற்கு எனக்கு மனம் வராது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். சுனாமி வந்த நாள். ரொறன்ரோவில் நாங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, நாவலடி, டச்பார், கல்லடி என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஜனவரியில் நான் ஊருக்குப் போனேன். சேரின் வீடு கல்லடியில் கடற்கரைப் பக்கம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மட்டும் நின்றன. மகளும் பேரப்பிள்ளையும் போய்விட்டார்கள். சேர் அரசடிப் பக்கம் உறவினர் வீட்டில் இருந்தார். 75 வயதைத் தாண்டியிருப்பார்.

நான் போன நேரம் வீடு நிறைய ஆட்கள். ஒருவர் உலகத்தில் பாவம் கூடிவிட்டது என்றார். இன்னொருவர் கடல்தாய்க்குக் கோபம் என்றார். சேர் கேட்டுக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை. படித்த ஒரு தம்பி மட்டும் விஞ்ஞானம் சொன்னார். சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடியில் தட்டுகள் வழுக்கியதால் வந்த நிலநடுக்கம், நம் நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன், அங்கிருந்து அலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது என்றார். அதுவரை பேசாமல் இருந்த சேர் தலையை நிமிர்த்தினார்.

“இரண்டு மணித்தியாலமா?”

“ஓம் சேர்.”

“அப்ப ஒருத்தரும் சொல்லலியே.”

பசிபிக் சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு பல பத்து வருடமாக இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அன்று அப்படி ஒன்று இல்லை. அதற்குப் பிறகுதான் அமைத்தார்கள். அந்தத் தம்பி இதைச் சொன்னபோது சேர், “அப்ப எல்லாத்தையும் அவன் தலையில போட ஏலாது” என்றார். சற்றுப் பொறுத்து, “போடாம விடவும் ஏலாது” என்றார்.

அன்று மாலை என்னைத் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கல்லடிக் கடற்கரையில் இருக்கும் அந்தக் கோயிலை நம் பழைய மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். அலை அடித்ததில் கோபுரம் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. மணலில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு, ஒரு பிள்ளையின் கொப்பி, வளைந்த சைக்கிள் சில்லு. சேர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோபுரத்துக்கு முன்னால் நின்று, கையைக் கூப்பாமல் பாடத் தொடங்கினார்.

“மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே…”

சுந்தரர் தேவாரம். கண்ணிழந்து நடந்து, காஞ்சியில் ஒரு கண் பெற்று, மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் வந்து நின்று பாடியது. உமக்கே ஆளாகி, தீப்போல உள்ளே கனன்று, முகம் வாடி நிற்கும் அடியார் தங்கள் அல்லலை வந்து சொன்னால், நீர் வாளா இருப்பீர், நன்றாக வாழ்ந்து போம் என்று ஏசுகிற பதிகம். கோயில்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஓதுவார்கள் இனிமையாகப் பாடுவார்கள். அது ஏச்சு என்பது எனக்கு அன்றுதான் காதில் விழுந்தது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் “வாழ்ந்து போதீரே” என்ற இடம் வரும்போது சேரின் குரல் உடைந்து, கடைத்தெருவில் சண்டை பிடிக்கிற ஆளின் குரல் மாதிரி வந்தது. முதல் பாட்டோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். பதிகம் முழுவதையும் பாடினார்.

முடிந்ததும் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது, “நாளைக்கும் கூட்டிட்டு வருவியா மனே?” என்று கேட்டார்.