நான்காவது கால்வாய்

நான் பொதுப் பல் மருத்துவர். வேர் சிகிச்சை, பல் எடுப்பது, கேப் போடுவது எல்லாம் செய்வேன். பல நாடுகளில் சட்டமும் தடுப்பதில்லை. ஆனால் சிறப்பு மருத்துவரின் வேலையைக் கையில் எடுத்தால் அவருடைய தரத்தில் செய்து தர வேண்டும். ‘நான் பொது மருத்துவர்தானே’ என்ற சாக்கு எடுபடாது.

ஒருவருக்கு மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல். வேர்களுக்குள் ஓடும் மூன்று கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைத்தேன். வலி போகவில்லை. அந்தப் பல்லில் பெரும்பாலும் நான்காவது ஒன்று, கன்னப்பக்க முன்வேரில் மயிரிழை போல ஒளிந்திருக்கும். படித்ததுதான். முக்கால் மணி நேரம் தேடினேன். அப்புறம்தான் வேர் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். முதல் நாளே அனுப்பியிருக்கலாம். கௌரவம் விடவில்லை.

கீழ் ஞானப்பல் விஷயத்தில் அந்த வீம்பு எனக்குக் கிடையாது. எக்ஸ்ரேயில் பல்லின் வேர், உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடும் குழாய்மேல் படிந்து, குழாயின் வெள்ளைக் கோடு அறுந்து தெரிந்தால் ஊசியைக்கூட எடுக்க மாட்டேன். நேராக வாய் அறுவை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம்தான். “ஒரு பல்தானே டாக்டர், நீங்களே எடுத்துடுங்க” என்பார்கள். அப்புறம் உதடு மாதக்கணக்கில் மரத்துக் கிடந்தால்?